நீர்வேலியும் நெருப்புவேலியும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது பழைய இலக்கியம் பற்றிய ஆராய்ச்சியாகவோ கல்லூரித் தாயின் புகழ்மாலையாகவோ இருத்தல் வேண்டும். அவ்விரண்டினையும் எம்மினும் சிறப்பாகச் செய்ய வல்லார் இம்மலரிலே எழுதியிருப்பர். யாம் எழுத எண்ணியது வேலியைப் பற்றி. வேலியோடு நிற்கும் மரத்தையும், மரத்தின்கீழ்க் கிடக்கும் சருகையும், அச்சருகிற் பற்றும் தீயையும் பற்றி. தாவரவியலிலே எமக்குப் பட்டம் இல்லை. பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் ஒன்றே உண்டு. ஆயினும் இப்பொருள் குறித்துப் பேச வேறொரு தகுதி எமக்கு வாய்த்துவிட்டது. அது பெருமைக்குரியதன்று. அதனை முதலிற் கூறிவிடுவோம்.

2019 ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே ஒரு சனிக்கிழமை. முற்றத்தைக் கூட்டி, மாஞ்சருகையும் வாழைச் சருகையும் வளவின் வடகீழ் மூலையிலே குவித்தோம். காலை 9 மணி. ஓர் இலையும் அசையவில்லை. குவியலைக் கொளுத்திவிட்டு, இரண்டாந் தவணை விடைத்தாள்கள் காத்திருந்தமையால் உள்ளே சென்று அமர்ந்தோம். பத்துத் தாள்கள் திருத்தியிருப்போம், சோளகம் எழுந்தது. எழுந்த காற்றுக் குவியலைக் கிளறி, எரிந்துகொண்டிருந்த சருகுகளை வேலியின்மேல் எறிந்தது. வேலியோ கிடுகு வேலி. அடைத்து ஈராண்டு கழிந்து நன்றாய் உலர்ந்தது. கூக்குரல் கேட்டு யாம் வெளியே ஓடிவந்தபோது, அது விளக்குத்திரி போலத் தீயைக் கொண்டுசென்று அயல்வீட்டாரின் மாட்டுக் கொட்டிலிற் சேர்த்திருந்தது. கொட்டிலின் கூரை பனையோலை. பசுவின் கயிற்றை அயலவர் கத்தியால் அறுத்துவிட்டார். உள்ளே கட்டிநின்ற கன்றை அவரால் எட்ட முடியவில்லை.

எமது கிணற்றிலே மின்மோட்டர் பூட்டியிருந்தோம். அதற்குச் செல்லும் கம்பியை வேலியோரமாக இழுத்திருந்தமையால் முதலில் வெந்தது அக்கம்பியே. துலாவை எடுத்துவிட்டு இருபது ஆண்டாயிற்று. கைவாளி ஒன்றும் பழங்கயிறு ஒன்றும் கொண்டு, நிறைந்த கிணற்றின் கட்டிலே நின்று நீர் மொண்ட எமது நிலையை வாசகர் எண்ணிக் கொள்ளலாம்.

கொட்டிலுக்கு அப்பால் ஒரு பனங்கூடல். அதன் உரிமையாளர் கடல் கடந்து வாழ்பவர். அங்கே காவோலை வெட்டப்பட்டு எத்தனை ஆண்டு என்பது ஒழுங்கையில் ஒருவருக்கும் நினைவில்லை. புல் முழங்காலளவு நின்று காய்ந்திருந்தது. வடலிகளிலே உலர்ந்த மட்டைகள் நிலந்தொட்டுத் தொங்கின. தீ புல்லிலே இறங்கி, புல்லிலிருந்து வடலிக்கும் வடலியிலிருந்து நெடும்பனையின் காவோலைக்கும் ஏணியில் ஏறுவதுபோல ஏறியது. எரியும் பன்னாடைத் துண்டுகள் காற்றிலே பறந்து, ஒழுங்கைக்கு அப்பாலிருந்த ஓட்டுவீடு ஒன்றின் கூரையிலே விழுந்தன. ஓடு எரியாது என்றிருந்தோம். ஓட்டு மடிப்புகளிலே ஓராண்டு வேப்பஞ்சருகு நிறைந்துகிடந்தது! அவ்வீட்டுச் சிறுவன், எம்மிடம் ஒன்பதாம் வகுப்பிலே படித்தவன், கூரையிலேறி ஈரச் சாக்கினால் அடித்து அணைத்தான். அன்றுமுதல் அவனது எழுத்துப் பிழைகளை யாம் சற்றுப் பொறுத்துக்கொண்டோம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளலாம்.

தீ நின்ற இடங்கள் இரண்டு. ஒன்று, அயலவரின் வாழைத்தோட்டம். முன்னாள் மாலையிலே நீர் பாய்ச்சியது. வெளிவரிசை வாழைகளின் இலைகள் வெந்து தொங்கின. இரண்டாம் வரிசையைத் தீ தொடவில்லை. மற்றையது பூவரசங் கதியால் நெருங்க நாட்டிய பழைய உயிர்வேலி ஒன்று. இலைகள் கருகின, தடி எரியவில்லை, ஐப்பசி மழைக்கு அது மீண்டும் துளிர்த்தது.

அன்று பின்னேரம் அயலவரிடம் மன்னிப்புக் கேட்கச் சென்றோம். அவர் எம்மினும் மூத்தவர்; தோட்டக்காரர். நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பின்னர், “நெருப்பு வைச்சது நீங்கள்தான் மாஸ்ரர். ஆனா அந்த வேலியை அடைச்சது நான்” என்றார். கன்றின் விலையை அவர் வாங்கவில்லை.

அவர் எம்மைத் தேற்றுதற்காகவே அவ்வாறு கூறினார் என்பதை அறிவோம். எனினும் அச்சொல்லிலே ஓர் உண்மை இருந்தது. தீக்குச்சி ஒரு கணத்து வேலை. அதன்பின் தீ எங்கே போகவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே நாம் நட்டும், நடாதும், வெட்டியும், வெட்டாதும் தீர்மானித்துவிடுகிறோம்.

காடே இல்லாத குடாநாட்டிலே காட்டுத்தீ ஏது என்று வினவுவோர் உளர். காடு இல்லை என்பது மெய். ஆனால் யாழ்ப்பாணம் - பருத்தித்துறை வீதியிலே கோப்பாயைத் தாண்டி நீர்வேலிக்கு வருவோர் இருமருங்கும் காண்பது என்ன? வளவுக்கு வளவு வேலி, வேலிக்கு வேலி ஒட்டு, இடையிடையே பனங்கூடல், ஒரு வண்டி செல்லும் அகலமுள்ள ஒழுங்கைகள். ஒரு முனையிற் பற்றினால் மறுமுனைவரை செல்லும்படி மனிதரே பின்னிவைத்த காடு இது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழிவரை கொட்டிவிட்டுப் போகிறது. சித்திரையிலே சிறிது தூறும். வைகாசி பிறந்தால் ஆவணி கழியும்வரை சோளகம் மண்ணின் ஈரத்தையும் ஓலையின் ஈரத்தையும் ஒருங்கே உறிஞ்சும். ஊரின் பெயருக்கு, நீரை வேலியாக உடையது என்று பொருள்கொள்வாரும் உளர். வேலி என்பது பழைய நில அளவு என்று எடுத்துக்காட்டி வாதிடுவாரும் உளர். அவ்வாராய்ச்சி உயர்தர மாணவருக்கு ஆகுக. ஆனி ஆடியிலே நம்மைச் சூழ்ந்திருப்பது நீர்வேலியன்று என்பது மட்டும் எமக்குத் தெரியும்.

இனி ஒரு வினா. பனையும் கிடுகும் சோளகமும் நம் பாட்டன்மார் காலத்திலும் இருந்தன. ஓலை வீடுகளும் வைக்கோற் போர்களும் இன்றிருப்பதிலும் மிகுதியாகவே இருந்தன. அடுப்பிலும் விளக்கிலும் தீ நாள்தோறும் இருந்தது. அவ்வாறாயின், ஊர் எங்ஙனம் எரியாது தப்பியது? முற்றாகத் தப்பியது என்று சொல்ல மாட்டோம். வீடு பற்றிய கதை எந்தக் குடும்பத்திலும் ஒன்று இருக்கும். ஆனால் நிலத்திலே எரிபொருள் கிடக்கவில்லை. அதுவே விடை.

அந்நாளிலே காய்ந்த ஓலை ஒன்றும் வீண்போனதில்லை. பனையிலே ஆளேற்றிக் காவோலையையும் முற்றிய ஓலையையும் வெட்டுவித்து, மிதித்து, அடுக்கிப் பாரமேற்றி, நல்லவற்றைக் கூரைக்கும் அடுத்தவற்றை வேலிக்கும் எடுத்தனர். வேலியிலும் கூரையிலும் உக்கிய பழைய ஓலை செம்மண் தோட்டத்திலே தாழ்க்கப்பட்டு எருவாயிற்று. மட்டையும் ஊமலும் கொக்கறையும் பன்னாடையும் அடுப்புக்குச் சென்றன. புல்லை மாடும் ஆடும் தின்றன. மாஞ்சருகை மாட்டுத் தொழுவத்திலே பரப்பிச் சாணத்தோடு குப்பைக்கிடங்குக்கு அனுப்பினர். பூவரசங்குழையும் கிளுவைக்குழையும் ஆட்டுக்கும் வயலுக்கும் போயின. சோளகம் எழும்போது பனங்கூடலின் நிலம் கூட்டிய முற்றம்போல இருக்கும் என்று எம் பாட்டியார் கூறுவார். அவர் தீத்தடுப்பு என்ற சொல்லைக் கேட்டதே இல்லை. விறகு பொறுக்கினார், அவ்வளவே.

இன்று கூரை ஓடும் தகடும், அடுக்களையிலே எரிவாயு, தோட்டத்துக்கு உரப்பை, மாடு வைத்திருப்போர் ஒழுங்கைக்கு ஒருவர். பனை ஏறும் கைவல்லாளர் அருகிவிட்டனர். அவர்தம் தொழிலை நெடுங்காலம் மதியாதிருந்த பழி நம் சமூகத்துக்கு உரியது. இன்று ஆள் இல்லை என்று அழும்போதாவது அதனை நினைத்தல் நன்று. 1995 ஐப்பசியிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. யாமும் பதின்ம வயதிலே மூட்டை சுமந்து சென்றோம். 1996 இலே மீண்டு வந்தோர் மீண்டனர், வாராதோர் பலர். போரிலே காப்பரணுக்கென்று தறிக்கப்பட்டும் எறிகணையால் தலையிழந்தும் போன பனைகள் எண்ணிறந்தன. எஞ்சிய கூடல்களிலே பலவற்றுக்கு உறுதி உண்டு, உரிமையாளர் உண்டு, காவோலை வெட்டுவிப்பார் இல்லை. பார்த்தீனியமும் புல்லும் மாரியிலே வளர்ந்து கோடையிலே காய்கின்றன. ஓலை விழுகிறது, விழுந்த இடத்திலே கிடக்கிறது.

இது எமது கற்பனை அன்று என்பதற்கு 2022 ஆம் ஆண்டே சான்று. அவ்வாண்டு எரிவாயுச் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாட்டிலே வரிசை நின்றதை எவரும் மறந்திரார். முந்திய ஆண்டிலே செயற்கை உரத்தின் இறக்குமதியைத் தடுத்திருந்தமையால் குழையெருவின் நினைவும் சிலருக்கு வந்திருந்தது. அவ்விரு இடர்களும் சேர்ந்து எம் அயலிலுள்ள கூடல்களைத் துப்புரவு செய்துவிட்டன. மட்டையும் ஊமலும் தேடிச் சிறுவர் திரிந்தனர், சண்டையும் நடந்தது. அச்சோளகத்திலே எம் ஒழுங்கையில் ஓலை எரியவில்லை. எரிவாயு வந்தது, மறுவருடம் பழையபடி ஓலை விழுந்து கிடந்தது. பஞ்சம் வந்தால்தான் வளவு துப்புரவாகும் என்ற நிலை நமக்கு அழகன்று.

இவ்வாறு கைவிடப்பட்ட நிலமே எரியும் நிலமாவது நம் ஊருக்கு மாத்திரம் உரிய கதையன்று. பசிபிக்குப் பெருங்கடலிலுள்ள மாவி என்னும் ஹவாய்த் தீவிலே, லகைனா நகரைச் சூழப் பல தலைமுறையாகக் கரும்பு விளைந்தது, நீர் பாய்ந்தது. 1999 இலே அந்நகரின் கரும்பாலை மூடப்பட்டது. கரும்பு நின்ற நிலத்திலே வெளிநாட்டுப் புல்லினங்கள் தாமாகப் பரவின. அவற்றுள் நம் நாட்டிலும் வீதியோரங்களிலே வளரும் கினிப்புல்லும் ஒன்று. 2023 ஆகத்து 8 இலே கடுங்காற்றிலே பற்றிய தீ அப்புல்வழியே நகருக்குள் இறங்கி, 2,000 க்கு மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. ஏறக்குறைய 100 உயிர்கள் மாண்டன. போர்த்துக்கல் நாட்டிலே இளைஞர் நகரங்களுக்கும் பிறநாடுகளுக்கும் போய்விட, மலையூர்களிலே ஆடு மேய்ந்த நிலமும் பயிர் விளைந்த நிலமும் தைலமரக் காடாகவும் தேவதாருக் காடாகவும் மாறின. 2017 ஆனியிலே அங்கே பெட்ரோகாவு கிராண்டே என்னும் பகுதியிலே 66 பேர் இறந்தனர். அவருட் பலர் வீதியிலே வண்டிக்குள் அகப்பட்டவர். தமிழகத்துத் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையிலே 2018 மார்ச்சு 11 இல் மலையேறச் சென்றோருள் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதும் காய்ந்த புல்லிலே ஓடிய தீயினாலேயாம். அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்திலே வாழும் நம் பழைய மாணவர்க்கு 2009 பெப்ரவரி 7 ஐ யாம் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த ஒருநாளிலே பற்றிய தீக்கு இரையானோர் 173 பேர்.

அந்நாடுகளிலே வாழும் நம்மவர், தீக்காலத்துக்குமுன் என்ன செய்யவேண்டும் என்று அரசினர் அனுப்பும் ஏடுகளைப் படித்து அதன்படி ஒழுகுகின்றனர். அவ்வேடுகள் சிலவற்றை யாமும் வருவித்துப் பார்த்தோம். அவற்றிலே நமக்கு ஆவனவும் உள, ஆகாதனவும் உள. கலிபோர்னியாவிலே வீட்டைச் சுற்றி 100 அடிக்குப் புல்லையும் புதரையும் குறைத்தல் வேண்டும் என்பது சட்டம். நம் ஊரிலே நான்கு பரப்புக் காணி சதுரமாயின் அதன் ஒரு பக்கம் ஏறக்குறைய 104 அடி. நடுவிலே வீடு கட்டியவனுக்கு 100 அடி என்றால் அயலவனின் அடுக்களையும் அதற்கு அப்பாலுள்ளவனின் கிணறும் அதனுள் அடங்கும். ஆகவே அச்சட்டம் இங்கே தனி ஒருவனாற் செய்யக்கூடியதன்று. ஒழுங்கை முழுவதும் சேர்ந்து செய்யவேண்டியது. வீட்டை ஒட்டிய முதல் 5 அடியிலே எரியக்கூடிய ஒன்றும் இருத்தல் ஆகாது என்பதோ நமக்கும் முற்றும் பொருந்தும். பெருந்தீயிலே பல வீடுகளைப் பற்றவைப்பது காற்றிலே முன்னே பறந்துவரும் தீப்பொறி. அது விழுமிடத்திலே தாழ்வாரத்து விறகும், பத்தியிலே சாத்திய கிடுகும், ஓட்டு மடிப்பிலே சருகும் காத்திருக்கின்றன. இவற்றை அகற்றப் பணம் வேண்டியதில்லை. வைகாசிக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

எரியாத மரம் எது என்று எம்மை வினவுவோர்க்கு, அப்படி ஒரு மரம் இல்லை என்பதே எமது மறுமொழி. பச்சை இலையிலுள்ள நீர் ஆவியாகி முடியும்வரை இலை பற்றாது. ஆதலின் நீர் மிகுந்தது தாமதித்து எரியும். மெல்லியதும் உலர்ந்ததும் எண்ணெய்ப் பசையுள்ளதும் விரைந்து எரியும். வாழைத்தண்டிலே பத்திலே ஒன்பது பங்குக்குமேல் நீர். ஆயினும் அவ்வாழையிலேயே பழஞ்சருகு உரிக்காமல் தொங்கவிட்டால் அது தீப்பந்தம். எனவே எந்த மரம் என்பது பாதி வினாவே. அதனை எவர் பேணுகிறார் என்பது மறுபாதி.

வாழைக்குலைக்குப் பெயர்பெற்ற ஊரிலே வாழையைப் பரிந்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலாகும். ஆனாலும் அதனை எங்கே வைப்பது என்பதைச் சிலர் எண்ணுவதில்லை. கிணற்றடியிலே குளித்த நீரும் சட்டி கழுவிய நீரும் ஓடும் வாய்க்காலை வளவின் தென்மேற்குப் பக்கமாகத் திருப்பி, அங்கே ஈரடுக்கு வாழை வைத்தால், சோளகம் கொண்டுவரும் தீ முதலிலே சந்திப்பது ஈரத்தை. வீட்டருகே மாதுளை, செவ்வரத்தை, கற்றாழை, நீர் ஊற்றும் கீரைப்பாத்தி ஆகியன இருக்கலாம். மாவும் பலாவும் வேம்பும் வேண்டும். அவை தரும் நிழலிலே மண் ஈரம் பேணும். சோளகத்தின் வேகத்தை அவை தணிக்கவும் செய்யும். அவற்றின் கொப்புகள் கூரைமேற் படியாதிருக்கட்டும். அடிக்கொப்புகளை ஆளுயரத்துக்குக் கழித்துவிட்டால் நிலத்துத் தீ மேலேறுதல் அரிது. வேம்பு மாசி பங்குனியிலே இலையுதிர்க்கும். அச்சருகைச் சித்திரைக்குள் கிடங்கிலே தாழ்த்துவிடல் வேண்டும். மூங்கிற் பற்றையும் சவுக்கும் தைலமரமும் வீட்டருகே வேண்டா. சவுக்கு கடற்கரைக்கு நல்லது. அதன் உலர்ந்த ஊசியிலை மெத்தையிலே ஒரு சுருட்டுத் துண்டு விழுந்தாற் போதும்.

வேலிக்கு வருவோம். இன்று வசதியுள்ளோர் மதில் கட்டுகின்றனர். கிடுகோடு ஒப்பிடின், தீக்கு மதில் மேலானது என்பதை மறுக்கமாட்டோம். கொட்டிலுக்கும் வீட்டுக்கும் இடையிலே ஒரு சிறு மதில் இருந்திருந்தால் 2019 இலே ஒரு கன்று பிழைத்திருக்கும். ஆனால் வளவு முழுவதும் மதில் என்பது வேறு. மதில் குழை தராது; எரு தராது; மண்ணின் ஈரத்தைக் காவாது; பறந்துவரும் பொறியைத் தடுக்காது; வெளியேறும் பொட்டையும் அடைத்துவிடுகிறது. கதியாலே நமது முன்னோரின் மதில். பூவரசும் கிளுவையும் சீமைக்கிளுவையும் முள்முருக்கும் மாரி தொடங்கும்போது தடியாக நட்டாலே வேர்கொள்ளும். அவற்றை நெருங்க நட்டு, மாரி முடிவிலே குழைவெட்டி, அடியிலே புல் சேராமற் பார்த்தால் கிடுகே வேண்டியதில்லை. மறைப்புக்குக் கிடுகு வேண்டுமென்போர் வீட்டையும் கொட்டிலையும் தொடும் இடத்திலேயாவது சில முழத்துக்கு அதனை விலக்குதல் நன்று. ஓலைக் கூரையின் கொடுமையை ஆசிரியராகிய யாம் மறக்கவொண்ணாது. 2004 யூலை 16 இலே கும்பகோணத்துப் பாடசாலை ஒன்றிலே கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். எமது இளமையிலே இடம்பெயர்ந்த காலத்திலே யாமும் அத்தகைய கொட்டிலிலேதான் இலக்கணம் படித்தோம். அதற்கு வாயில் ஒன்றே.

இனிப் பனை. தீக்குப் பின்னர் ஒழுங்கையிலே கூடிய சிலர், இப்பனங்கூடலைத் தறித்துவிட்டால் தொல்லை ஒழியும் என்றனர். அன்று வாய்திறக்கும் நிலையிலே யாம் இல்லை. இன்று கூறுகிறோம்: அது பெரும் பிழை. பனை காய்க்கப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு செல்லும். தறிக்க ஒரு நாழிகை. தறிப்பதற்கு அனுமதி பெறல் வேண்டும் என்ற விதியும், 1978 இலே நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் வீணாக எழுந்தவை அல்ல. மேலும் தீயைத் தாங்குதலிலே பனைக்கு இணையான மரம் நம்மிடம் இல்லை. மாமரத்துக்கு உயிரோட்டம் தோலை அடுத்து ஓடுகிறது. அடியிலே சுற்றிவரத் தோல் வெந்தால் மரம் மாளும். பனைக்கோ நீரும் உணவும் செல்லும் நரம்புகள் தண்டு முழுவதும் பரந்து ஓடுகின்றன. புறம் கருகினாலும் அகம் வாழும். அதன் உயிர்நிலை உச்சியிலே குருத்து ஒன்றுதான். அக்குருத்தைத் தீயிடம் கொண்டுசெல்லும் ஏணி காவோலையும் வடலி மட்டையும். ஏணியை எடுத்துவிட்டால் பனையைக் கெடுக்க நிலத்துத் தீக்கு வழியில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, மாரி ஓய்ந்தபின் வைகாசிக்கு முன்னர், காவோலை இறக்கி, வடலியைக் கொக்கத்தடியாற் கழித்து, கூடலின் ஓரமாக ஒரு வண்டி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கிவிட்டால் போதும். ஆடு விட்டால் செதுக்குக் கூலியும் மிச்சம். கலிபோர்னியாவிலே புதர் தின்பதற்கென்று ஆட்டுமந்தைகளைக் கூலிக்கு அமர்த்துகின்றனராம். நாமோ ஆட்டை விற்றுவிட்டுப் புல்லைக் கொளுத்துகிறோம்.

தீயிலே வெந்த மரத்தைப் பற்றியும் ஒரு சொல். அவசரப்பட்டு வெட்டுதல் ஆகாது. அன்று வெந்த பனைகளுட் பெரும்பாலானவை மாரி கழியமுன் குருத்து விட்டன. குருத்து வெந்தவை சிலவே பட்டுப்போயின. மாவாயின் தோலை நகத்தாற் கீறிப் பச்சை உண்டா என்று பார்த்து, ஒரு மாரியாவது பொறுத்தல் வேண்டும். மேலே கூறிய லகைனாவிலே ஓர் ஆலமரம் உண்டு. நம் பாரதத்திலிருந்து கொண்டுசென்று 1873 இலே அங்கே நடப்பட்டது. அதனை நட்டதும், கிறித்தவ ஊழியர் அங்கே வந்திறங்கிய ஐம்பதாம் ஆண்டு விழாவின் நினைவாகவாம். தீ அதனையும் சுட்டு இலையெல்லாம் உதிர்த்தது. மக்கள் வெட்டவில்லை, வேருக்கு நீரும் பசளையும் இட்டனர். சில கிழமைகளிலே அடிமரத்திலிருந்து புதுத்தளிர் வந்தது. பட்ட கொப்புகளை மட்டும் பின்னர் கழித்தனர். விழாவுக்கு மரம் நடும் வழக்கம் நமக்கும் உண்டு. புகைப்படம் எடுத்தபின் அக்கன்றுக்குச் சோளகத்திலே யார் நீர் ஊற்றுவது என்பதை அழைப்பிதழிலே அச்சிடும் வழக்கம் இன்னும் வரவில்லை. இவ்விழாவிலே நட்ட கன்றுகளுக்கு வகுப்புவாரியாகப் பெயர்கள் குறிக்கப்பட்டுள்ளன என்று அறிகிறோம். மகிழ்ச்சி.

எஞ்சியிருப்பது அந்தப் பனங்கூடல். அது பதினொரு பரப்பு. 2019 இன் பின்னர் அவ்வொழுங்கையோர் கூடி, மாசி மாதத்திலே முறைவைத்துத் தத்தம் வளவுகளைத் துப்புரவு செய்கின்றோம். யாம் கிடுகை நீக்கிப் பூவரசு நட்டோம். துலாவும் மீண்டும் போட்டோம். அயலவர் கொட்டிலுக்குத் தகடு போட்டுவிட்டார். ஆனால் பிறர் காணியிலே அவர் சம்மதமின்றிக் காவோலை இறக்க ஒருவருக்கும் துணிவில்லை. இறக்கினால் களவு என்பர். ஏறியவர் விழுந்தால் யார் பொறுப்பு என்பர். இரண்டும் நியாயமே. ஒழுங்கையோர் கையொப்பமிட்டு உரிமையாளருக்கு இரண்டு கடிதங்கள் எழுதினோம்: கூலி நாமே கொடுப்போம், ஓலையை நாமே எடுப்போம், சம்மதம் ஒன்று எழுதி அனுப்புக என்று. ஒரு கடிதம் திரும்பி வந்தது. மற்றையதற்கு மறுமொழி இல்லை. முகவரி மாறியிருத்தல் கூடும்.

அவரும் நம் கல்லூரியின் பழைய மாணவரே. அவர் படித்த ஆண்டையோ பெயரையோ ஈண்டுக் குறித்தல் முறையன்று. இம்மலர் கடல் கடந்த சங்கக் கிளைகளுக்கும் அனுப்பப்படும் என்று செயலாளர் கூறுகின்றார். அவர் இதனைக் காண்பாராயின், கல்லூரி முகவரிக்கு ஒரு வரி எழுதினாலும் எம் கைக்கு வந்துசேரும். ஓலை இறக்க ஆள் பேசியாயிற்று. மாசிவரை அவர் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.